வீட்டுத் தொட்டியில் ஏரிக் கூட்டம்: வாசகர் கேள்வி – பதில்

ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் என்னும் குடும்பத்து மீன்களைப் பற்றி வந்த கடிதங்களில், கூட்டமாக நீந்தும் வகைகளைக் குறித்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால் சில கடிதங்கள் சேர்த்தும் சுருக்கியும் தரப்பட்டுள்ளன.

கேள்வி: மலாவி ஏரியின் பாறை மீன்களான ம்புனா வகையைச் சில ஆண்டுகளாக வளர்க்கிறேன். நிறத்துக்குக் குறைவில்லை, ஆனால் நாள் முழுவதும் ஒன்றையொன்று துரத்துவதே அவற்றின் வேலையாக இருக்கிறது. ஆப்பிரிக்க ஏரி சிக்லிட்களில் கூட்டமாகச் சேர்ந்து நீந்தும் மீன் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எண்ணிக்கையில் குறைவு. ஆப்பிரிக்கப் பேரேரிகளின் சிக்லிட்களில் வளர்ப்போரிடம் அதிகம் காணப்படுபவை, பாறை இடுக்கையோ மணல் குழியையோ சங்கையோ தன்னிடமாகப் பிடித்துக்கொண்டு, அதைக் காப்பதிலேயே வாழ்நாளைச் செலவிடுபவை. அவற்றை இருபதாக ஒரே தொட்டியில் விட்டாலும் அது கூட்டமாகாது. நெரிசலில் யாரை அடிப்பது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் இருபது தனி மீன்களாகவே இருக்கும்.

நீங்கள் தேடுவது, பாறையை விட்டு விலகித் திறந்த நீரில் மிதவை உயிரிகளை உண்டு வாழும் வகையை. அதற்கு முதல் பெயர் டாங்கனிக்கா ஏரியின் சைப்ரிக்ரோமிஸ். தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளுக்கு நடுவே ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் அந்த ஏரி, பைக்காலுக்கு அடுத்தபடியாக உலகின் மிக ஆழமான ஏரி. ஆழம் சுமார் 1,470 மீட்டர். ஆனால் ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாததால், மேலே உள்ள ஓரிரு நூறு மீட்டர் நீரில்தான் மீன்கள் வாழ முடியும். கரையோரப் பாறைச் சரிவுகளுக்கு எதிரே, அந்தத் தெளிந்த நீரில், நூற்றுக்கணக்கிலும் சில இடங்களில் ஆயிரக்கணக்கிலும் சைப்ரிக்ரோமிஸ் கூட்டங்கள் நிற்கின்றன. மெலிந்து நீண்ட உடல், குழாய் போல முன்னே நீண்டு சிற்றுயிரை உறிஞ்சிக்கொள்ளும் வாய், அகன்ற கண்: பார்த்தால் சிக்லிட் என்று சொல்லவே தோன்றாது. மத்தி மீனை நினைவூட்டும் இந்த உருவத்தால் மேலைநாட்டு வளர்ப்போர் இதை மத்தி சிக்லிட் என்றும் அழைப்பர்.

இவற்றில் பரவலாகக் கிடைப்பது, விலங்கியலாளர் பூலாஞ்சே 1898இல் விவரித்த சைப்ரிக்ரோமிஸ் லெப்டோசோமா. பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு வளரும். இதே ஏரியின் பாராசைப்ரிக்ரோமிஸ் நிக்ரிபின்னிஸ் இன்னும் அடக்கமான மீன். அதைப் பற்றிப் பின்னர் வரும் ஒரு கேள்வியில் சொல்கிறேன். மலாவி ஏரியிலேயே வேண்டுமென்றால் உட்டாக்கா எனப்படும் கோபடிக்ரோமிஸ் இனங்கள் உள்ளன. இரை தேடும் வேளையில் அவை பெருங்கூட்டமாகத் திறந்த நீரில் திரள்வதால்தான், அங்குள்ள மீனவர்கள் அவற்றை வலை போட்டு வளைத்துப் பிடிக்கிறார்கள். ஆனால் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமான கோபடிக்ரோமிஸ் ஆண், ஒரு பாறையையோ மணல் திட்டையோ பிடித்துக்கொண்டு மற்ற ஆண்களை விரட்டத் தொடங்கிவிடும், உடலும் பெரிது. ஆகவே, துரத்தலில் சலித்துப்போன உங்களுக்கு நான் டாங்கனிக்கா பக்கமே கை காட்டுவேன்.

கேள்வி: ஆறு சைப்ரிக்ரோமிஸ் குஞ்சுகளை வாங்கி வளர்த்தேன். இப்போது ஒன்று மட்டும் நீலமும் கருமையுமாக மின்னுகிறது. மற்ற ஐந்தும் சாம்பல் கலந்த பழுப்பு நிறம். அந்த ஐந்தும் ஒரு மூலையில் ஒடுங்கியே நிற்கின்றன. கடைக்காரர் வேறு மீனைக் கலந்து கொடுத்துவிட்டாரா?

பதில்: கலப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம். பெண் மீன்கள் இயல்பிலேயே பழுப்பு அல்லது வெள்ளி நிறம் கொண்டவை. வளர்ந்த ஆண்களிலும் எல்லாமே எப்போதும் நிறம் காட்டுவதில்லை. ஆறில் ஒன்று தலையெடுத்துவிட்டது. மீதியில் ஆண் இருந்தால், அது நிறத்தை அடக்கிப் பெண்ணைப் போல ஒதுங்கி நிற்கிறது. அடி வாங்காமல் தப்ப அதற்குத் தெரிந்த வழி அது.

ஏரியில் இந்த ஆண்கள் எப்படி வாழ்கின்றன என்பதை அறிந்தால், உங்கள் தொட்டியில் நடப்பது எளிதாகப் புரியும். பாறை மீனுக்கு எல்லை என்றால் தரையில் ஒரு வட்டம். சைப்ரிக்ரோமிஸ் ஆணுக்கோ எல்லை நீரின் நடுவில், மேல், கீழ், பக்கம் என்று மூன்று திசையிலும் அளக்கக்கூடிய ஒரு நீர்க் கட்டம். பல ஆண்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களைப் பிடித்துக்கொண்டு, துடுப்புகளை விரித்து, உடல் நடுங்கக் காட்டிக்கொண்டிருக்கும்; கூட்டமாகக் கடந்து செல்லும் பெண்களைத் தன் பக்கம் இழுக்கத்தான் இத்தனையும். நிறம் என்பது அடுத்த கட்டத்து ஆணுக்கும் கடந்து போகும் பெண்ணுக்கும் விடுக்கும் செய்தி. செய்தியைப் பெறுவோர் போதிய அளவில் இல்லாத தொட்டியில், ஒன்று மட்டும் ஆட்சி செய்ய, மற்றவை அணைந்து போகின்றன. அந்த ஒன்றின் கோபமும் சிலவற்றின் மேலேயே குவிகிறது.

எனவே தீர்வு மீன்களைக் குறைப்பதில் இல்லை, கூட்டுவதில் இருக்கிறது. பன்னிரண்டை நான் கீழ் எல்லையாகக் கொள்வேன். இடமிருந்தால் பதினைந்து, இருபது இன்னும் நல்லது. அதில் மூன்றோ நான்கோ ஆண்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பெண்கள் என்ற அளவில் அமைந்தால், ஆண்களின் கவனம் ஒன்றின் மீது ஒன்று சிதறும். துரத்தல் நிற்காது, ஆனால் துரத்தப்படும் மீன் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் எதுவும் நலிந்து போகாது. ஒரு மீனாகப் பார்த்துச் சேர்ப்பதைவிட, ஒரே அளவுள்ள குஞ்சுகளை ஒன்றாக வாங்கி ஒன்றாக வளர்ப்பது மேல். ஏற்கெனவே உள்ளவற்றோடு சேர்க்கத்தான் வேண்டும் என்றால், ஐந்தாறாகச் சேர்த்து விடுங்கள். சேர்க்கும் நாளில் பாறைகளின் இருப்பிடத்தையும் சற்று மாற்றி வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. லெப்டோசோமாவில் ஒரே இடத்து மீன்களிலேயே, ஒரே தாயின் குஞ்சுகளிலேயேகூட, சில ஆண்களுக்கு வால் மஞ்சளாகவும் சில ஆண்களுக்கு வால் நீலமாகவும் இருக்கும். பின்னாளில் உங்கள் தொட்டியில் இப்படி இரண்டு விதம் தோன்றினால், அப்போதும் கடைக்காரரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது 90 சென்டிமீட்டர் நீளத் தொட்டி. உயரம் மட்டும் அதிகம், 60 சென்டிமீட்டர். கொள்ளளவு போதுமானதாகத் தெரிகிறது. பன்னிரண்டு சைப்ரிக்ரோமிஸ் விடலாமா?

பதில்: வேண்டாம். இந்த மீன்களுக்கு லிட்டர் கணக்கைவிட நீளக் கணக்கு முக்கியம். கூட்டம் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வரும் இடம் இருந்தால்தான் அது கூட்டமாகவே இயங்கும். 120 சென்டிமீட்டர் நீளமும் 240 லிட்டருக்குக் குறையாத நீரும் தொடக்க அளவு. 150, 180 சென்டிமீட்டர் தொட்டியில்தான் இவற்றின் அழகு முழுமையாகத் தெரியும். ‘ஜம்போ’ என்று விற்கப்படும் பெரிய வகைகள் 14 சென்டிமீட்டர் வரை வளர்வதால், அவற்றுக்கு 150க்குக் கீழ் நினைக்கவே வேண்டாம். உங்கள் தொட்டி சங்குகளில் வாழும் சிறு டாங்கனிக்கா மீன்களுக்கு மிகப் பொருத்தமானது.

கேள்வி: நன்றாக நீந்திக்கொண்டிருந்த இரண்டு மீன்கள் காலையில் தரையில் காய்ந்து கிடந்தன. மூடி போட்டுத்தான் வைத்திருந்தேன். எப்படி வெளியே வந்திருக்கும்?

பதில்: ஃபில்டர் குழாய்க்காக மூடியில் விட்டிருக்கும் இடைவெளியைப் பாருங்கள். மெலிந்த உடல் கொண்ட இந்த மீனுக்கு இரண்டு விரல் அகல இடுக்கு போதும். திறந்த நீரில் வாழும் மீனுக்கு ஒளிந்துகொள்ளப் பாறை அருகில் இருப்பதில்லை; மிரண்டால் அதற்குத் தெரிந்தது வேகமாகப் பாய்வது மட்டுமே. ஏரியில் அந்தப் பாய்ச்சலுக்கு எல்லை இல்லை. தொட்டியிலோ மேலே நாலு விரல் தூரத்தில் நீர் முடிந்துவிடுகிறது.

இடுக்கை வலைத் துணியாலோ பஞ்சாலோ அடைப்பது முதல் வேலை. அதைவிட முக்கியம், மிரள வைக்கும் காரணத்தைக் களைவது. பெரும்பாலும் அது விளக்குதான். இருட்டறையில் தொட்டி விளக்கு பட்டென்று எரிந்தாலும், எரிந்த விளக்கு பட்டென்று அணைந்தாலும் கூட்டம் முழுவதும் ஒரே நொடியில் சிதறும். காலையில் அறை விளக்கு எரிந்து, அல்லது சன்னல் வெளிச்சம் வந்து, அரை மணி நேரம் கழிந்த பிறகு தொட்டி விளக்கைப் போடுங்கள். இரவில் தொட்டி விளக்கை முதலில் அணைத்து, அறை விளக்கைப் பிறகு அணையுங்கள். மெல்ல மெல்ல ஒளி கூட்டும் கருவி வைத்திருப்போருக்கு இந்தச் சிரமமும் இல்லை. கதவு அறையும் இடத்திலும், ஆட்கள் ஓயாமல் கடந்து செல்லும் நடைவழியிலும் இந்தத் தொட்டியை வைக்காதீர்கள். நீரின் மேற்பரப்பில் கொஞ்சம் நிழலிருந்தால் கூட்டம் அமைதியாக இருக்கும்.

எண்ணிக்கை குறைவாக உள்ள தொட்டிகளில்தான் இப்படித் துள்ளி இறப்பது அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். நான்கைந்து மீன்கள் மட்டும் இருக்கையில், ஒவ்வொன்றும் தனியே எதிரியை எதிர்பார்த்து விறைத்து நிற்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர்தான் மீன்தொட்டிக்கும். பி.எச். (நீரின் அமில–கார அளவு) 7க்குக் கீழே காட்டுகிறது. டாங்கனிக்கா மீன்களுக்குக் கார நீர் வேண்டும் என்கிறார்கள். பி.எச். உயர்த்தும் மருந்தை ஊற்றினால், இரண்டு நாளில் மறுபடி இறங்கிவிடுகிறது. அண்மையில் வாங்கிய மீன்கள், பையில் நன்றாக இருந்தவை, தொட்டியில் விடுவதற்கு முன்பே தளர்ந்துபோயின. என்ன செய்வது?

பதில்: இரண்டு கேள்விகள் இதில் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேரில் சேர்பவை என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டாங்கனிக்கா ஏரியின் பி.எச். ஏறக்குறைய 8.6 முதல் 9.2 வரை இருக்கும். அதைத் தாங்கி நிறுத்துவது அந்நீரில் நிறையக் கரைந்துள்ள பைகார்பனேட். சோதனைக் குப்பிகளில் இதைக் கே.எச். என்று அளக்கிறோம். ஆர்.ஓ. நீரில் இது ஏறக்குறைய இல்லை. அடித்தளம் இல்லாத நீரில் பி.எச்.சை மட்டும் மருந்தால் உயர்த்தினால், மீன் கழிவிலிருந்து உருவாகும் அமிலம் ஓரிரு நாளில் அதைக் கீழே இழுத்துவிடும். இந்த ஏற்ற இறக்கம், நிலையாக 8 இருப்பதைவிடக் கெடுதல். ஆகவே பி.எச்.சைத் துரத்தாதீர்கள், கே.எச்.சைக் கட்டுங்கள், பி.எச். தானாகப் பின்னால் வரும்.

கணக்கு எளியது. 100 லிட்டர் நீரில் 3 கிராம் சமையல் சோடா கே.எச்.சை ஒரு டிகிரி உயர்த்தும். பத்து முதல் பதினாறு டிகிரி வரை கே.எச். இருந்தால் போதும். அதே 100 லிட்டரில் 4.4 கிராம் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), பொதுக் கடினத்தன்மையை ஒரு டிகிரி உயர்த்தும். அது எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் இருக்கட்டும். டாங்கனிக்கா நீரில் கால்சியத்தைவிட மக்னீசியம் மிகுதி என்பதால் எப்சம் உப்பு அதற்குப் பொருந்தும். கால்சியத்துக்குப் பவளத் துண்டுகளோ அராகனைட் மணலோ அடியில் இருந்தால் போதும். நன்றாகக் காற்றோட்டம் உள்ள தொட்டியில், இந்த அளவு கே.எச். உடன் பி.எச். 8.5ஐ ஒட்டி நின்றுவிடும். இவற்றைத் தனிப் பாத்திரத்து நீரில் கரைத்து, நீர் மாற்றும்போது மட்டும் சேருங்கள். தொட்டிக்குள் நேரடியாகப் பொடியைத் தூவக்கூடாது. ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்டும்போது உப்பு சேர்க்காத ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. கடின நீர் வரும் வீடுகளில் இந்த வேலை எதுவும் தேவைப்படாமல் போகலாம், குழாய் நீரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி இரண்டாவது. கார நீரில் அம்மோனியா மிகக் கொடியது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகம் தீங்கில்லாத அம்மோனியம், மற்றது செவுளை எரிக்கும் தனி அம்மோனியா. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே நச்சு வடிவம். 8இல் அது சுமார் 5 சதவீதம். 9இலோ சுமார் 36 சதவீதம். மென்னீர்த் தொட்டியில் மீன் பொறுத்துக்கொள்ளும் அதே கழிவு, இங்கே கொன்றுவிடும். அதனால்தான் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர் முழுவதும் குடியேறாத புதுத் தொட்டியில் இந்த மீன்களை விடக்கூடாது என்கிறேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டும் வரை காத்திருங்கள்.

உங்கள் மீன்கள் பையில் நன்றாக இருந்து பின் தளர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும். நெடுநேரம் மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும்; அம்மோனியா சேர்ந்தாலும் அது தீங்கற்ற வடிவில் இருந்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும். அதோடு தொட்டியின் கார நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தால் பி.எச். ஏறும், அதுவரை உறங்கிக் கிடந்த அம்மோனியா நச்சாக மாறும். மெதுவாகப் பழக்குகிறோம் என்று மணிக்கணக்கில் நஞ்சில் வைத்திருப்பதாகவே இது முடியும். நெடுந்தூரம் பயணம் செய்த மீனை, மூடிய பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு பையைத் திறந்து, மீனை மட்டும் வலையிலோ சிறு கிண்ணத்திலோ எடுத்து உடனே தொட்டியில் விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போகக்கூடாது. விற்பவரின் நீரும் கார நீராக இருக்க வேண்டும் என்பதை வாங்கும் முன்பே கேட்டறிந்திருந்தால், இந்த மாற்றம் மீனுக்குப் பெரிதாகத் தோன்றாது.

கேள்வி: இவற்றுக்கு மாட்டு இதயம், இரத்தப் புழு கொடுத்தால் விரைவில் வளரும் என்கிறார்களே?

பதில்: மாட்டு இதயம் அறவே வேண்டாம், பாலூட்டிகளின் கொழுப்பைச் செரிக்கும் குடல் இவற்றுக்கு இல்லை. இரத்தப் புழுவை நான் தவிர்ப்பேன். ஆர்ட்டீமியா, டாஃப்னியா, சைக்ளாப்ஸ், சிறு மைசிஸ் போன்ற உறைந்த சிற்றுயிர் உணவும், மெல்ல அமிழும் நல்ல குருணையும் போதுமானவை. வாய் சிறியது என்பதால் உணவும் சிறிதாக இருக்கட்டும். ஒரே வேளையில் நிறையக் கொட்டாமல், இரண்டு மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நீரில் மிதந்து வரும்போது பிடிப்பதே இவற்றின் வழக்கம். தரையில் விழுந்ததைப் பெரும்பாலும் தேடிப் போவதில்லை, அது அழுகி நீரைக் கெடுக்கும். ஃபில்டர் தள்ளும் நீரோட்டத்தில் உணவைத் தூவினால், கூட்டம் ஓட்டத்தை எதிர்த்து வரிசையாக நின்று கொத்திக்கொள்வதைப் பார்க்கலாம்.

கேள்வி: தொட்டியின் மேல் பாதியில்தான் இவை நீந்துகின்றன. கீழே காலியாக இருக்கிறது. என்னென்ன மீன்களைச் சேர்க்கலாம்? ஃப்ரண்டோசா, ட்ரோஃபியஸ் இரண்டும் டாங்கனிக்காவைச் சேர்ந்தவைதானே?

பதில்: ஒரே ஏரியைச் சேர்ந்தவை என்பது ஒன்றாக வாழ்வதற்குத் தகுதி ஆகிவிடாது. ஃப்ரண்டோசா ஏரியில் இந்தச் சைப்ரிக்ரோமிஸ் கூட்டங்களையே இரையாக்கும் மீன். அரையிருட்டில் கூட்டம் தளர்ந்து நிற்கும் வேளையே அதன் வேட்டை நேரம். குட்டியாக இருக்கையில் சேர்ந்து வளர்ந்தாலும், ஃப்ரண்டோசாவின் வாய் போதிய அளவு பெரிதானதும் உங்கள் கூட்டம் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். ட்ரோஃபியஸ் பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்பது. சைப்ரிக்ரோமிஸுக்கு வேண்டிய புரத உணவு அதன் நீண்ட குடலுக்கு ஒவ்வாது. ட்ரோஃபியஸின் ஓயாத பரபரப்பும் கூட்டத்தைக் கலைக்கும். ட்ரோஃபியஸையும் சைப்ரிக்ரோமிஸையும் ஒன்றாக வைத்து வெற்றி கண்டவர்கள் இருக்கிறார்கள். பெரிய தொட்டியும் நிதானமும் உள்ளவர்களுக்கு அது முடியலாம், முதல் முறை வளர்ப்போருக்கு நான் சொல்ல மாட்டேன். ம்புனா மீன்களைச் சேர்ப்பதோ வீண் வம்பு.

கீழ்த்தளத்துக்குப் பொருத்தமானவை: பாறை இடுக்கில் இணையாக வாழும் ஜூலிடோக்ரோமிஸ், மெல்ல நகர்ந்து நிதானமாக வாழும் ஆல்டோலாம்ப்ரோலோகஸ் கால்வஸ், மணலில் சங்குகளைப் பரப்பிவிட்டால் அதில் குடியேறும் நியோலாம்ப்ரோலோகஸ் மல்டிஃபாசியேட்டஸ். ஆல்டோலாம்ப்ரோலோகஸ் குஞ்சு தின்னும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். பிரிச்சார்டி என்ற நியோலாம்ப்ரோலோகஸ் அழகாக இருக்கும். ஆனால் ஓர் இணை குஞ்சு பொரித்ததும் குடும்பமாகத் தொட்டியின் பாதியைக் கைப்பற்றிவிடும். பாறைகளைப் பின்சுவரை ஒட்டி அடுக்கி, முன்னும் மேலும் திறந்த நீராக விடுங்கள். தொட்டி நிறையப் பாறை அடுக்குவது ம்புனா வளர்த்தவர்களின் பழக்கம்; இங்கே அது கூட்டத்தின் இடத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: ஒரு பெண் மீன் பத்து நாளாக எதையும் தின்னவில்லை. தொண்டை உப்பியிருக்கிறது, வாய் மூடியே இருக்கிறது. உப்பு, மருந்து ஏதும் போடலாமா?

பதில்: மருந்தை எடுத்து ஓரமாக வையுங்கள். அது வாயில் முட்டைகளை வைத்துக் காக்கிறது. மருந்து ஊற்றினால் முட்டைகளும் போகும், தாயும் நலியும்.

இந்த மீன் முட்டையிடும் விதம் ஏரி சிக்லிட்களிலேயே தனி வகை. பாறையும் குழியும் தேவையில்லை. நீரின் நடுவிலேயே எல்லாம் நடந்துவிடுகிறது. ஆண் தன் நீர்க் கட்டத்தில் பெண்ணை அழைத்து நடுங்கிக் காட்டும். பெண் ஒரு முட்டையை விட்டதும், அது கீழே அமிழ்வதற்குள் சட்டெனப் பின்வாங்கித் திரும்பி வாயில் ஏந்திக்கொள்ளும். ஆணின் வயிற்றுத் துடுப்பு நுனியில் உள்ள மஞ்சள் புள்ளியையும் முட்டை என்று நினைத்தோ என்னவோ கொத்தப் போகும்போது, ஆண் விடும் விந்து வாயில் இருக்கும் முட்டைகளைச் சேர்கிறது. முட்டைகள் பெரியவை என்பதால் எண்ணிக்கை குறைவு: இளம் தாயிடம் நாலைந்து, முதிர்ந்த தாயிடம் பத்து, பதினைந்து. மூன்று வாரம் தாய் வாயிலேயே வைத்திருக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் பட்டினிதான்; அதைக் கண்டு நீங்கள் பதற வேண்டியதில்லை, தாயின் உடலுக்கு அது தெரிந்த பட்டினி.

குஞ்சுகளைக் காக்க விரும்பினால், பதினைந்து, பதினெட்டு நாளுக்குப் பிறகு தாயை அமைதியாகப் பிடித்துத் தனித் தொட்டியில் விடுங்கள். அங்கே அது குஞ்சுகளைத் துப்பியதும், அடைகாத்த களைப்பு தீரும்வரை ஓரிரு நாள் நன்றாக உணவு கொடுத்துக் கூட்டத்தோடு சேருங்கள். முன்கூட்டியே துரத்திப் பிடித்தால், பயத்தில் முட்டையைத் துப்பிவிடும் அல்லது விழுங்கிவிடும். வாயைப் பலவந்தமாகத் திறந்து குஞ்சை எடுக்கும் முறையைக் கைதேர்ந்தவர்களுக்கு விட்டுவிடுவது நல்லது. வெளிவரும் குஞ்சுகள் அளவில் பெரியவை, உடனே ஆர்ட்டீமியா குஞ்சுகளைத் தின்னும். பெரிய தொட்டியிலேயே விட்டாலும், மேற்பரப்பில் ஒன்றாகத் திரண்டு ஒதுங்கி நிற்கும் சில குஞ்சுகள் தப்பிவிடுவது உண்டு. கூட்டமாக நிற்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே இவற்றுக்கு இருக்கிறது.

கேள்வி: நீல நியான் என்று பெயர் சொல்லி விற்ற பாராசைப்ரிக்ரோமிஸ் மீன்களை வாங்கினேன். பாறைக்கு அடியில் தலைகீழாக மிதக்கின்றன. உடலை மிதக்கவைக்கும் நீச்சல் பை கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, அப்படித்தான் நீந்தும். பாராசைப்ரிக்ரோமிஸ் நிக்ரிபின்னிஸ், பாறையையே தரையாகக் கொண்டு வாழ்வது. பாறை தலைக்கு மேலே இருந்தால் வயிற்றை அதன் பக்கம் திருப்பிக்கொள்ளும், செங்குத்தாக நின்றால் அதற்கேற்பச் சாய்ந்துகொள்ளும். திறந்த நீரில் நீந்தும்போது நேராகவே இருக்கும் என்றால் அது நலமாக இருக்கிறது என்று பொருள். பாறையே இல்லாத இடத்தில், மேற்பரப்பில் புரண்டு மிதந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இவற்றின் உடலில் ஓடும் நீலக் கோடுகள் மங்கிய ஒளியில்தான் மின்னும். பளிச்சென்ற விளக்கின் கீழ் வெளிறிப் போகும். எனவே விளக்கைக் குறையுங்கள், உயரமான பாறைச் சுவரும் அதில் சில குகைகளும் அமையுங்கள். மெல்ல வளரும், மெல்லவே தின்னும் மீன் இது. சுறுசுறுப்பான லெப்டோசோமாவோடு சேர்த்தால் உணவுக்குப் பின்தங்கி நிற்கும் என்பதால், எட்டுப் பத்தாகத் தனித் தொட்டியில் வைப்பதையே விரும்புவேன்.

கேள்வி: வெவ்வேறு ஊர்ப் பெயர்களோடு லெப்டோசோமாக்கள் கிடைக்கின்றன. உடின்டா, கிகோமா, ம்புலுங்கு என்று. வகைக்கு ஐந்தாக வாங்கி ஒரே பெருங்கூட்டமாக விட்டால் பார்க்க நன்றாக இருக்குமே?

பதில்: பார்க்க நன்றாகத்தான் இருக்கும், முதல் தலைமுறை வரை. அந்தப் பெயர்கள் மீன்கள் பிடிக்கப்பட்ட கரைகளைக் குறிப்பவை. ஏரியில் ஒவ்வொரு கரைக்கும் ஒவ்வொரு நிறம் நெடுங்காலமாகத் தனித்து வளர்ந்திருக்கிறது. தொட்டியில் அவை தயங்காமல் கலந்துவிடும். கலந்து பிறந்த குஞ்சுகளைப் பார்த்து அவை எந்தக் கரையைச் சேர்ந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் விற்காவிட்டாலும், யாருக்கோ அன்பளிப்பாகக் கொடுத்த நாலு குஞ்சுகள் வழியாக அந்தக் குழப்பம் பரவும். ஒரு கரையின் மீன்களையே இருபதாக வாங்குங்கள். பெயர் தெரியாமல் வந்த மீன்கள் இருந்தால் அவற்றைத் தனிக் கூட்டமாக வளர்க்கத் தடையில்லை. குஞ்சுகளைக் கொடுக்கும்போது, எந்தக் கரையைச் சேர்ந்தது என்று தெரியாத வகை என்பதைச் சொல்லியே கொடுங்கள்.